நிமிடத்துக்கு ஆறு மூச்சு

வா தம்பி, வா தங்கச்சி. இப்படி உட்காரு. இதழை மடியில் வைத்துக்கொள். இடது உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கட்டைவிரலுக்கு நேர்கீழே, மணிக்கட்டு ஓரத்தில், வலது கையின் ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் மெல்ல வை. ரொம்ப அழுத்தாதே. கொஞ்சம் பொறு.

துடிக்கிறதா? இல்லையென்றால் விரல்களைத் துளி நகர்த்து. ம்... இப்போது? அதுதான் நாடி.

கடிகாரத்தில் 30 வினாடி பார்த்து எண்ணு. வந்ததை இரண்டால் பெருக்கு. உன் வயதில் சும்மா உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் 70-க்கும் 100-க்கும் நடுவில் ஓர் எண் வரும். பள்ளிக்கூட மணி அடித்ததும் மாடியிலிருந்து ஒரே ஓட்டமாக இறங்கி வந்து எண்ணினால் எங்கேயோ போய் நிற்கும். அதுவும் சரிதான். பயப்படாதே.

வேடிக்கை இனிமேல்தான். விரலை எடுக்காமல், மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழு. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. அப்புறம் அதேபோல ஐந்து எண்ணிக்கொண்டே விடு. நாலைந்து தடவை செய். கவனம் விரல்நுனியில் இருக்கட்டும்.

இழுக்கும்போது துடிப்புகள் கொஞ்சம் நெருங்கி வருகின்றன. விடும்போது கொஞ்சம் விலகிப் போகின்றன. தெரிகிறதா?

தெரிந்துவிட்டதா? சபாஷ்! பெரியவர்களிலேயே எத்தனையோ பேர் இதைக் கவனித்ததில்லை. உன் வயதில் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும்; வயது ஏற ஏறக் குறைந்துவிடும். தெரியவில்லையா? அதனால் என்ன. ராத்திரி படுக்கப்போகும்போது வீடு அமைதியாக இருக்கும், மறுபடி பார்.

இதயத்திடம் 'மெதுவாக அடி' என்று நீ உத்தரவு போட முடியாது. மூச்சிடம் போடலாம். மூச்சு சொன்னால் இதயம் கொஞ்சம் கேட்கிறது. இந்தச் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நம் புதுச்சேரி டாக்டர்கள் வருஷக்கணக்கில் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன்.

முதலில் கடற்கரைச் சாலைக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம். மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டால் அந்தச் சாலை நடக்கிறவர்களுக்குச் சொந்தம். பட்டம் விடுகிற பசங்கள் ஒரு பக்கம். பழைய கலங்கரை விளக்கத்திலிருந்து கடலைப் பார்த்த கட்டைச் சுவர் நெடுக உட்கார்ந்திருக்கிற தாத்தா பாட்டிகள் இன்னொரு பக்கம். அவர்கள் பேச்சில் கொஞ்சம் காது கொடுத்துப் பார். "எனக்கு பிரஷர் நூற்றைம்பது." "வெறும் வயிற்றில் ரெண்டு பல் பூண்டு சாப்பிடுங்க, ஓடியே போய்விடும்." "அதெல்லாம் வேண்டாம் ஐயா, மருதம்பட்டைக் கஷாயம்." "நான் பிராணாயாமம் பண்றேன். மாத்திரையை நிறுத்திடலாமான்னு யோசிக்கிறேன்."

கடைசித் தாத்தா சொன்னது காதில் விழுந்ததா? அந்தக் கேள்வியை அப்படியே முடிச்சுப் போட்டு வைத்துக்கொள். நிறுத்தலாமா, கூடாதா? எடுத்த எடுப்பில் பதில் சொன்னால் நீ நம்பக்கூடாது, நான் சொன்னாலும்கூட. எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும்.

முதலில் பேசியவர் 'பிரஷர் நூற்றைம்பது' என்றாரே, அது என்ன? நூற்றைம்பது கிலோவா, டிகிரியா?

மில்லிமீட்டர்! 1828-ல் பாரிசில் ழான் பொய்சேய் என்ற இளம் மருத்துவர், வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றி, ரத்தம் அதை எவ்வளவு உயரம் தள்ளுகிறது என்று அளந்தார். இன்றுவரை அந்தக் கணக்குதான். டாக்டர் '120-க்கு 80' என்றால், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது அது பாதரசத்தை 120 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்பிடிக்கும், இதயம் தளரும்போது 80 மில்லிமீட்டருக்கு என்று அர்த்தம்.

120 மில்லிமீட்டர் என்றால் உன் பென்சில் நீளம்கூட வராது, இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றுகிறதல்லவா? பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். பாதரசத்துக்குப் பதில் தண்ணீர் இருந்தால்? 12 சென்டிமீட்டரை 13.6-ஆல் பெருக்கு. 163 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. உன் உயரம் எவ்வளவு? உன் நெஞ்சுக்குள் இருக்கிற, உன் கைமுஷ்டி அளவே உள்ள ஒரு தசை, ஒவ்வொரு துடிப்பிலும் அவ்வளவு உயரத் தண்ணீரைத் தாங்கும் அளவுக்கு ரத்தத்தை அழுத்துகிறது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை.

அந்த எண் 140-க்கு 90-ஐத் தாண்டி, பல முறை அளந்தும் அங்கேயே நின்றால் உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள். இதில் பொல்லாத விஷயம் ஒன்று உண்டு: பெரும்பாலும் வலிக்காது. காய்ச்சல் கிடையாது, இருமல் கிடையாது. தாத்தா ஜம்மென்று நடந்துகொண்டிருப்பார். உள்ளே இதயம், மூளை, சிறுநீரகம் மூன்றும் வருஷக்கணக்கில் அடி வாங்கிக்கொண்டிருக்கும். 'எனக்கு ஒன்றும் இல்லையே, எதற்கு மாத்திரை?' என்று தோன்றுவது இதனால்தான். புரிகிறதா?

பிரெஞ்சுக்காரர் பெயர் வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் கழுத்தில் தொங்குகிற ஸ்டெதஸ்கோப்பும் பாரிசில் பிறந்ததுதான். 1816-ல் லெனெக் என்ற மருத்துவர் ஒரு காகிதத்தை இறுக்கிச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார்; துடிப்பு கணீரென்று கேட்டது. அதற்கு ஏழு வருஷம் கழித்து, 1823-ல், பிரெஞ்சுக்காரர்கள் நம் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். பிரெஞ்சு ஆட்சி போனபின் அது 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1964-ல் ஜிப்மர் ஆயிற்று. கோரிமேட்டில் விடிகாலையிலேயே ஓ.பி. சீட்டுக்கு வரிசை நிற்குமே, அதேதான்.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம்.

ஊரில் யோகா தெரிந்தவர்களுக்குக் குறைவே இல்லை. சுவாமி கீதானந்தர் என்பவர் மருத்துவமும் படித்தவர். 1968-ல் இங்கே ஆனந்தா ஆசிரமம் தொடங்கி யோகா சொல்லிக் கொடுத்தார். ஜனவரி தொடக்கத்தில் நடக்கிற யோகா விழாவை நீ பார்த்திருப்பாய்; உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே கலந்துகொண்டிருப்பார்கள். ஆனால் விழாவில் உடம்பை வளைப்பதைப் பார்த்து ரத்த அழுத்தம் குறைகிறதா என்று சொல்ல முடியாதே. அதற்கு அளக்க வேண்டும். ஜிப்மரில் உடலியங்கியல் பேராசிரியர் மதன்மோகன் இதைப் பல வருஷம் அளந்துவந்தார். 2008-ல் டெல்லி மொரார்ஜி தேசாய் தேசிய யோகா நிறுவனத்தோடு சேர்ந்து, ஜிப்மருக்குள்ளேயே யோகா சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு மையம் வந்தது. இதய நோயாளி அங்கே தன் மாத்திரையையும் சாப்பிடுவார், மூச்சுப் பயிற்சியும் கற்றுக்கொள்வார். இந்த மாதிரி, வழக்கமான சிகிச்சையோடு கூடவே செய்வதைத் துணைச் சிகிச்சை என்பார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த பரிசோதனை அதற்கும் முன்னால் நடந்தது. முடிவு 2004-ல் வெளிவந்தது. ஜிப்மரில் கோபால் கிருஷ்ண பால், வேல்குமரி, மதன்மோகன் மூவரும் 60 இளம் மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். யார் எந்தக் குழு என்பதை ஆசிரியரும் சொல்லவில்லை, மாணவரும் கேட்டு வாங்கவில்லை, குலுக்கல் முறைதான். ஒரு குழு மெதுவாக மூச்சுவிடும் பயிற்சி செய்தது. இன்னொரு குழு வேகமாக மூச்சுவிடும் பயிற்சி செய்தது. மூன்று மாதம்.

இரண்டுமே மூச்சுப் பயிற்சிதான், இல்லையா? இரண்டுமே யோகா வகுப்பில் சொல்லித் தருவதுதான். அப்படியானால் இரண்டு குழுவுக்கும் ஒரே பலன் வர வேண்டுமே?

வரவில்லை! மெதுவாக மூச்சுவிட்டவர்களுக்கு, இதயத்தை நிதானப்படுத்துகிற நரம்பின் வேலை கூடியிருந்தது. முடுக்கிவிடுகிற நரம்பின் வேலை குறைந்திருந்தது. வேகமாக மூச்சுவிட்டவர்களுக்குச் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

இது ஏன் எனக்குப் பிடிக்கிறது தெரியுமா? 'யோகா நல்லது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், அதிலே எது என்று கேட்டார்கள். நல்ல கேள்வி கேட்டால்தான் நல்ல பதில் வரும். நீ வகுப்பில் கேட்கிறாயே, 'சார், அது ஏன் அப்படி?' என்று, அந்த ஜாதிக் கேள்வி.

அடுத்தது நோயாளிகள். ஜிப்மர் யோகா பிரிவுக்கு வந்த, உயர் ரத்த அழுத்தம் உள்ள 23 பேரை ஐந்து நிமிடம் சுகப் பிராணாயாமம் செய்யச் சொன்னார்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. நீ இப்போது செய்தாயே, அதே ஐந்து எண்ணி இழுத்து, ஐந்து எண்ணி விடுவது. முன்னால் ஒரு தடவை அளந்தார்கள். முடிந்ததும் ஒரு தடவை அளந்தார்கள். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் இறங்கியிருந்தன. 2011-ல் இதை வெளியிட்டார்கள்.

கைதட்டலாம். தட்டிவிட்டு ஒரு நிமிடம் யோசி. ஐந்து நிமிடம் கழித்து அளந்தது ஐந்து நிமிடக் கதையைத்தான் சொல்லும். அடுத்த மாதம் எப்படி இருக்கும் என்று அதைவைத்துச் சொல்ல முடியாது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாலே கொஞ்சம் இறங்காதா என்றும் கேட்கலாம். நீ கேட்டிருப்பாய், எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியைக் கையில் வைத்திரு. கடைசியில் உனக்கு வேலை இருக்கிறது.

அது ஏன் ஆறு? எட்டு ஏன் இல்லை, பன்னிரண்டு ஏன் இல்லை? பெரியவர்கள் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார்கள்.

உன் கழுத்தின் இரண்டு பக்கமும், தாடைக்குக் கீழே, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய்கள் ஓடுகின்றன. அவற்றின் சுவரில் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. இதயத்திலிருந்து கிளம்பி வளைகிற பெருந்தமனியிலும் உண்டு. (தேடுகிறேன் பேர்வழி என்று கழுத்தை இரண்டு பக்கமும் அழுத்தாதே. தலை சுற்றிவிடும்.) ரத்த அழுத்தம் ஏறினால் குழாய் விம்மும். உடனே இந்த முனைகள் மூளையின் அடிப்பகுதியில் இருக்கிற முகுளத்துக்குச் செய்தி அனுப்பும். முகுளம், வேகஸ் என்ற நீளமான நரம்பு வழியாக, 'கொஞ்சம் நிதானி' என்று இதயத்துக்குச் சொல்லும். துடிப்பு குறையும், அழுத்தம் இறங்கும். ரொம்ப இறங்கிவிட்டால் வேகஸ் பிடியை விடும். துடிப்பு கூடும், அழுத்தம் ஏறும். நீ தூங்கும்போதும் இது நடந்துகொண்டே இருக்கிறது.

செய்தி போய், வேலை நடந்து, அழுத்தம் மாறி, அது மறுபடி தெரியவர நேரம் பிடிக்கும். ஏறி இறங்குகிற ஒரு சுற்றுக்குச் சுமார் 10 வினாடி.

இப்போது ஊஞ்சலை நினைத்துக்கொள். தங்கச்சி உட்கார்ந்திருக்கிறாள், நீ தள்ளுகிறாய். கண்ட நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் உதறும், உயராது. பின்னால் வந்து திரும்புகிற அந்தச் சமயம் பார்த்து ஒரு தள்ளு, அடுத்த சுற்றில் அதே சமயம் இன்னொரு தள்ளு என்று கொடுத்தால்? ஒரு விரல் பலம் போதும், ஊஞ்சல் எங்கேயோ போகும். ரத்த அழுத்தத்தின் ஊஞ்சலுக்கு ஒரு சுற்று 10 வினாடி. 10 வினாடிக்கு ஒரு மூச்சு விட்டால் ஒவ்வொரு மூச்சும் சமயம் பார்த்துக் கொடுத்த தள்ளாகிவிடுகிறது. 60-ஐ 10-ஆல் வகு. ஆறு!

உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்த நரம்பு முனைகள் கொஞ்சம் மந்தமாகிவிடும். அழுத்தம் ஏறினாலும் சட்டென்று செய்தி சொல்லாது. மெதுவான மூச்சு அவற்றின் கூர்மையைக் கூட்டுகிறது என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளில் தெரிந்திருக்கிறது. இங்கே வரைக்கும் புரிந்ததா? இல்லையென்றால் ஊஞ்சலுக்குத் திரும்பிப் போய் ஒரு தடவை படி. அவசரமே இல்லை.

இத்தாலியில் பாவியா என்ற ஊரில் லூசியானோ பெர்னார்டி என்ற டாக்டர் இதைவைத்து அழகான ஒரு வேலை செய்தார். 2001-ல் வெளிவந்தது. சிலரை லத்தீன் மொழியில் 'ஆவே மரியா' ஜெபமாலை சொல்லச் சொன்னார். 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற மந்திரத்தையும் சொல்லச் சொன்னார். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்குச் சுமார் ஆறு என்று வந்து நின்றது! கழுத்து நரம்பு முனைகளின் கூர்மையும் கூடியது. யாரும் எண்ணிக் கொடுக்கவில்லை. சொல்கிற தாளமே அப்படி இருந்தது.

நம் ஊரில் இதற்கா பஞ்சம்? மிஷன் வீதி ஜென்மராக்கினி மாதா கோயிலில் ஜெபமாலை உருட்டுகிற பாட்டி இருக்கிறார். மணக்குள விநாயகரைச் சுற்றிவந்து முணுமுணுக்கிற பாட்டியும் இருக்கிறார். தமிழில் சொன்னால் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு வரும்? எண்ணிப் பாரேன். ஆனால் பாட்டிக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் மூச்சு மாறிவிடும்.

இவ்வளவு கேட்டதும் உனக்கு ஓர் ஆசை வரும். 'மூச்சால் இதயத்தை மெதுவாக்கலாம் என்றால், நிறுத்தவே முடியுமா?' இதை உண்மையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள்.

1935-ல் தெரேஸ் பிராஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர், இதயத்தின் மின்துடிப்பைக் கோடாக வரைகிற, கையோடு தூக்கிவரக்கூடிய இ.சி.ஜி. கருவியுடன் இந்தியாவுக்கு வந்தார். யோகிகளைத் தேடிப் போய் அளந்தார். ஒரு யோகி தன் இதயத்தை அடக்கிக் காட்டினார், கருவியில் கோடு கிட்டத்தட்டத் தட்டையாகிவிட்டது என்று எழுதினார். உலகமே வாயைப் பிளந்தது.

இருபது வருஷத்துக்கு மேல் போயிற்று. அமெரிக்காவிலிருந்து வெங்கர், பாக்சி என்ற இருவரும், டெல்லி எய்ம்ஸின் பி.கே. ஆனந்தும் இன்னும் நல்ல கருவிகளோடு மறுபடி பார்த்தார்கள். யோகி மூச்சை அடக்கி, நெஞ்சுத் தசையையும் வயிற்றுத் தசையையும் இறுக்கினார். மணிக்கட்டில் நாடி மறைந்தது! ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை! இ.சி.ஜி. என்ன சொல்லியது? இதயம் பாட்டுக்கு அடித்துக்கொண்டுதான் இருந்தது. நெஞ்சு இறுகியதால் இதயத்துக்குத் திரும்பிவருகிற ரத்தம் குறைந்துபோய், கைக்கு வந்த துடிப்பு விரலுக்கு எட்டாத அளவு சன்னமாகிவிட்டது. அவ்வளவுதான். 1961-ல் அதை எழுதினார்கள்.

யோகி ஏமாற்றினார் என்று நினைக்காதே. நாடி நின்றால் இதயம் நின்றது என்று அவரும் நம்பியிருக்கலாம், பார்த்தவர்களும் நம்பினார்கள். விரல் ஒன்று சொன்னது, கருவி இன்னொன்று சொன்னது. நீ இதைச் செய்து பார்க்கவே கூடாது. மூச்சை அடக்கி இறுக்கினால் மயக்கம் வரும், கீழே விழுந்து மண்டை உடையும். மெதுவாக மூச்சுவிடுவது வேறு, மூச்சை அடக்குவது வேறு. சரியா? இதில் மட்டும் மாமா கண்டிப்பு.

கட்டைச் சுவர்த் தாத்தாக்கள் பூண்டு, மருதம்பட்டை என்றார்களே, அதை விட்டுவிட்டோம். செடியில் மருந்து இருக்கும். அதில் சந்தேகமே இல்லை. சர்ப்பகந்தி என்ற செடியின் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் ரொம்பக் காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். மும்பை டாக்டர் ருஸ்தம் வக்கீல் அதைத் தன் ரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து, 1949-ல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. மூன்று வருஷத்தில் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். உலகமெங்கும் ரத்த அழுத்தத்துக்கு அது மருந்தாகப் போயிற்று. அப்புறம் சிலருக்கு மனச்சோர்வு வருவதைப் பார்த்தார்கள். அதைவிடத் தோதான மருந்துகள் வந்தன. இப்போது அபூர்வமாகத்தான் எழுதுகிறார்கள்.

'வேர்தானே, இலைதானே, என்ன செய்துவிடும்' என்று யாராவது சொன்னால் அங்கே மட்டும் உஷாராக இரு. தொண்டை கட்டினால் பாட்டி அதிமதுரம் கொடுப்பாரே, தித்திப்பாக இருக்கும். அதையே தினமும் நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும்! குறைக்காது, ஏற்றும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் பூண்டைக் கைப்பிடி கைப்பிடியாகச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு கூடலாம். தெருவோரத்தில் மஞ்சள் பூப் பூக்கிற அரளி இருக்கிறதல்லவா? அதன் கொட்டையில் இருக்கும் சரக்கு நேராக இதயத்தைத்தான் தாக்கும், உயிருக்கே ஆபத்து. தொட்டு விளையாடாதே, வாயில் வைக்காதே, தம்பி பாப்பாவையும் வைக்கவிடாதே. மருதம்பட்டைக்கும் சின்னச் சின்ன ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. ஆயிரக்கணக்கானவர்களை வைத்து நடக்க வேண்டிய பெரிய பரிசோதனை இன்னும் பாக்கி. அதுவரை தாத்தா கஷாயம் குடிப்பதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். பல பேர் சொல்வதில்லை. 'டாக்டர் திட்டுவார்' என்று மறைத்துவிடுகிறார்கள். திட்டினால் திட்டட்டுமே.

இப்போது முடிச்சை அவிழ்ப்போம். மாத்திரையை நிறுத்தலாமா?

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களை வைத்து இந்தியாவிலேயே ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. 24 மருத்துவமனைகள், 3,959 பேர். முடிவு 2020-ல் வந்தது. மாணவர்களைப் பிரித்த மாதிரியே குலுக்கல் முறையில் இரண்டு பங்கு. எல்லோருக்கும் வழக்கமான மருந்து உண்டு. அதை யாரும் நிறுத்தவில்லை. ஒரு பங்குக்கு, கூடவே 12 வாரம் யோகா வகுப்பு: மூச்சுப் பயிற்சி, எளிய ஆசனம், தியானம், இதயத்துக்கேற்ற பழக்கவழக்கம். இன்னொரு பங்குக்கு, கூடவே அறிவுரை. பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம் கவனித்தார்கள்.

யோகா செய்தவர்கள், 'உடம்பு தேவலாம்' என்று கூடுதலாகச் சொன்னார்கள். முன்பு செய்துகொண்டிருந்த வேலைகளுக்குத் திரும்புவதிலும் அவர்களே முந்தினார்கள். கடைக்குப் போவது, மாடி ஏறுவது மாதிரி அன்றாட வேலைகள். இது பெரிய லாபம். மாரடைப்பு வந்தவர் பயத்திலேயே வீட்டுக்குள் முடங்கிவிடுவதுண்டு.

ஆனால் மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், மரணம், இதயக் கோளாறால் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வது, இவற்றையெல்லாம் சேர்த்து எண்ணினபோது யோகாப் பக்கம் 131 பேர், அறிவுரைப் பக்கம் 146 பேர். கொஞ்சம் குறைவுதான். ஆனால் கிட்டத்தட்ட நாலாயிரம் பேரில் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம் என்று ஆராய்ச்சி செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். தங்களுக்குச் சாதகமாகத் திரித்துச் சொல்லவில்லை பார்த்தாயா? எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடிப்போனது இதனால்தான்.

மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே செய்தவர்களுக்கு வந்த பலன் இது. மருந்தை நிறுத்திவிட்டு மூச்சை மட்டும் நம்பினால் இதே பலன் வரும் என்று இதில் எங்கேயும் இல்லை. அதனால் அந்தத் தாத்தாவிடம் நீ தைரியமாகச் சொல்லலாம்: "தாத்தா, மூச்சுப் பயிற்சி பண்ணுங்க. மாத்திரையைக் கூட்டணுமா குறைக்கணுமான்னு டாக்டர் சொல்லட்டும்." கடற்கரை நடையையும் விடவேண்டாம் என்று சேர்த்துச் சொல். 2013-ல் அமெரிக்க இதய சங்கம், மாத்திரை தவிர ரத்த அழுத்தத்துக்கு வேறு என்னென்ன உதவும் என்று பார்த்துத் தரம் போட்டது. வேக நடை மாதிரி மூச்சு வாங்க வைக்கிற உடற்பயிற்சிக்கு முதல் தரம். கருவி வைத்து மூச்சை மெதுவாக்குவதற்கு அதற்கு அடுத்த தரம். யோகாவுக்கு அன்றைக்குப் போதுமான சான்று இல்லை என்றார்கள். இந்தியாவின் பெரிய பரிசோதனை அதற்கப்புறம்தான் வந்தது.

உனக்கு வேலை இருக்கிறது என்றேனே. வீட்டில் பி.பி. பார்க்கிற மிஷின் இருக்கிறதா? தாத்தாவிடமோ பாட்டியிடமோ சம்மதம் கேள். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடு. ஒரு நாள், அளந்து, ஐந்து நிமிடம் ஆறு மூச்சுக் கணக்கில் மூச்சுவிடச் சொல்லி, மறுபடி அள. மறுநாள் அதே நேரத்தில், அளந்து, ஐந்து நிமிடம் சும்மா கண்ணை மூடி உட்காரச் சொல்லி, மறுபடி அள. மாற்றி மாற்றி இரண்டு வாரம். நீ சற்று முன் கேட்டாயே, 'சும்மா உட்கார்ந்தாலே இறங்காதா?' என்று, அந்தப் பத்தி எதற்கு என்று இப்போது தெரிகிறதல்லவா?

அளக்கும்போது முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில், கை மேசைமேல் இதயத்தின் உயரத்தில். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாதே, வெறும் கையில் சுற்று. அரைமணி நேரத்துக்குள் காபி கூடாது. அளக்கும்போது பேச்சு கூடாது. உன் தாத்தா பேசாமலிருப்பதுதான் கஷ்டமான பகுதி என்று நினைக்கிறேன். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சுவிடட்டும். மாத்திரை சாப்பிட்ட நேரத்தையும் பக்கத்திலேயே எழுது.

ஒரு நாள் எண் ஏறியிருந்தால் அழித்துத் திருத்தாதே, அப்படியே எழுது. அடுத்த தடவை ஓ.பி.க்குப் போகும்போது நோட்டைத் தாத்தா கையோடு கொண்டுபோகட்டும். வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று டாக்டர் கேட்பார். பல பேருக்குச் சொல்லத் தெரியாது.